நகரம் விரியும்போது பூச்சிகள் செய்துவரும் பணிகளில் எவை குறைகின்றன, எவை நிற்கின்றன?

தும்பி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் வசிக்கும் குடியிருப்பில் பூங்காவையும் சாலையோர மரங்களையும் பராமரிக்க ஒரு குழு இருக்கிறது. வரும் ஆண்டுக்கான திட்டத்தை எழுதித் தரும் பொறுப்பு இம்முறை எனக்கும் வேறு சிலருக்கும் வந்திருக்கிறது. திட்டத்தில் பூச்சிகளையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று நான் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை. ஆனால் பூச்சி என்றதும் ஒருவருக்குக் கொசுவும் இன்னொருவருக்குத் தேனீயும்தான் நினைவுக்கு வந்தன. இவ்விரண்டுக்கும் இடையில் இருக்கும் பெருங்கூட்டம் நகரத்தில் என்ன வேலை செய்கிறது, அந்த வேலை நின்றுபோனால் நமக்கு எது குறையும் என்று எங்களில் எவராலும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை.

படித்தவரையில் கிடைத்த செய்திகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஜெர்மனியில் பாதுகாக்கப்பட்ட 63 இடங்களில் 27 ஆண்டுகளாகப் பொறி வைத்துப் பிடித்த பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை முக்கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது என்று 2017-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இயற்கைக் காப்பிடங்களிலேயே இந்த நிலை என்றால் கான்கிரீட்டுக்கு நடுவில் என்ன மிஞ்சியிருக்கும் என்ற கவலை எழுகிறது. ஆனால் அதே நாட்டில் 9 நகரங்களையும் அவற்றைச் சுற்றியுள்ள ஊர்ப்புறங்களையும் ஒப்பிட்டு 2020-இல் வெளியான ஆய்வோ, நகரத்துக்குள்தான் தேனீ இனங்கள் அதிகம், பூக்களுக்கு அவை வந்துபோவதும் அதிகம் என்கிறது.

இரண்டில் எதை நம்பித் திட்டம் எழுதுவது? நகரமயமாதல் பூச்சிகளின் எல்லாப் பணிகளையும் ஒரே அளவில் பாதிக்கிறதா, அல்லது சிலவற்றை மட்டுமா? எங்கள் குழுவில் தேன்கூட்டுப் பெட்டிகள் வைக்கலாம் என்ற யோசனையும் வாரந்தோறும் கொசுப் புகை அடிக்க வேண்டும் என்ற கோரிக்கையும் ஒன்றாகவே வந்திருக்கின்றன. விவரம் தெரிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மருதம் எழுதியது:

தும்பி அவர்களுக்கு வணக்கம். நீங்கள் குறிப்பிட்ட இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. இரண்டாவது ஆய்வு நகரத்தைக் காட்டோடு ஒப்பிடவில்லை. ஒற்றைப் பயிர் விளைந்து பூச்சிமருந்து தெளிக்கப்படும் வேளாண் நிலப்பரப்போடு ஒப்பிட்டது. அதோடு, தேனீக்கள் நகரத்தில் கூடியிருந்தாலும் ஈ வகைகளும் வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி வகைகளும் நகரத்தில் குறைந்திருந்தன என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்திருக்கிறது. தலைப்புச் செய்தியில் தேனீ மட்டும் வந்தது; மற்றவை விடுபட்டுப் போயின.

நகரத்தை ஒரு சல்லடை என்று எண்ணிக்கொண்டால் விளங்கும். சுவர்த் துளையிலும் மரப் பொந்திலும் கூடு கட்டத் தெரிந்தவை, எந்தப் பூவானாலும் தேனருந்தக் கூடியவை, வெப்பத்தைத் தாங்குபவை, நம் மிச்சத்தைத் தின்று வாழ்பவை ஆகியவை அதன் வழியே புகுந்து வந்துவிடுகின்றன. ஒரே ஒரு செடியின் இலையில் மட்டும் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சி, நீரிலோ மட்கும் மரத்திலோ இளம்பருவத்தைக் கழிக்க வேண்டிய ஈ, இறுகாத வெற்று மண்ணைத் தோண்டிக் கூடமைக்கும் தனித்தேனீ, இருட்டை நம்பிப் பறக்கும் அந்துப்பூச்சி ஆகியவை வெளியே நின்றுவிடுகின்றன. தேனீ இனங்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு மண்ணுக்குள் கூடமைப்பவை என்பதை நினைத்துப் பாருங்கள். நடைபாதைக்குத் தளக்கல் பதிக்கும்போது பூச்செடிகளுக்கு ஒன்றும் ஆவதில்லை, ஆனால் அந்தப் பூக்களுக்கு வரவேண்டியவற்றின் வீடு மூடப்பட்டுவிடுகிறது.

ஆகவே பூச்சிகள் குறைகின்றனவா என்று ஒட்டுமொத்தமாகக் கேட்பதைவிட, எந்தப் பணி எந்தப் பூச்சியால் நடக்கிறது, அந்தப் பூச்சி சல்லடையைக் கடந்து நகரத்துக்குள் வந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதே சரியான வழி என்பது என் எண்ணம்.

மகரந்தச் சேர்க்கையிலிருந்து தொடங்குகிறேன். உலகின் முதன்மையான 115 உணவுப் பயிர்களில் 87 பயிர்கள், அதாவது நான்கில் மூன்று, ஏதோ ஓர் அளவுக்கு விலங்குகளின் மகரந்தச் சேர்க்கையால் பயன்பெறுகின்றன. அந்த வேலையின் பெரும்பகுதி பூச்சிகளுடையது. நகரத்துக்குள் இது வீட்டுத் தோட்டத்திலும் மாடித் தோட்டத்திலும் பொது இடத்துச் செடிகளிலும் நடக்கிறது. இங்கே எல்லாத் தேனீயும் எல்லா வேலையும் செய்துவிடுவதில்லை. கத்தரிப் பூவை அருகில் சென்று பாருங்கள். அதன் மகரந்தப் பைகள் வெடித்துத் திறப்பதில்லை. ஒவ்வொன்றின் நுனியிலும் சிறு துளைதான் இருக்கும். தச்சன் தேனீயோ நீலவரித் தேனீயோ வந்து அந்தப் பைகளைக் கால்களால் இறுகப் பற்றிக்கொண்டு, உடலை வளைத்து, சிறகை அடிக்காமலேயே பறக்கும் தசைகளை மட்டும் அதிரவிடும். அந்த நொடியில் ரீங்காரம் சட்டென்று மேல் சுருதிக்குப் போவது நம் காதுக்கே கேட்கும். துளை வழியாக மகரந்தம் தூள்தூளாகக் கொட்டி அதன் வயிற்றில் ஒட்டிக்கொள்ளும். தக்காளிப் பூவிலும் ஏறத்தாழ இதே முறைதான். பெட்டிகளில் வளர்க்கப்படும் தேனீக்களுக்கு இந்த அதிர்வு வித்தை தெரியாது. அதனால் ஒரு நகரத்தில் தேனீக்களின் எண்ணிக்கை உயர்ந்திருக்கலாம். ஆனால் அதிர்வு தரும் இனங்கள் போய்விட்டிருந்தால், கத்தரிக்கும் தக்காளிக்கும் அந்த எண்ணிக்கையால் பெரிய பயனில்லை. சான் பிரான்சிஸ்கோ நகரத் தோட்டங்களில் தக்காளியை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று, தோட்டத்தின் பரப்பளவைவிட அதில் பூக்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதே காய்ப்பிடிப்பைத் தீர்மானித்தது என்று கண்டது. இது சிறிய இடம் உள்ளவர்களுக்கு ஊக்கம் தரும் செய்தி.

அடுத்து, கேடு செய்யும் பூச்சிகளை அடக்கி வைக்கும் பணி. என் பார்வையில் நகரத்தில் மிக மோசமாகச் சிதைவது இதுதான், இதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசுகிறோம். அமெரிக்காவின் ராலி நகரத்தில் சாலையோர ஓக் மரங்களை ஆராய்ந்தவர்கள், மிக வெப்பமான இடங்களில் நின்ற மரங்களில் செதில் பூச்சிகள் குளிர்ந்த இடத்து மரங்களைவிட 13 மடங்கு வரை கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். இரண்டு இடங்களும் ஒரே நகரத்துக்குள் இருப்பவை. வேறுபாடு சில பாகை வெப்பநிலை மட்டுமே. செதில் பூச்சியைப் பார்த்தால் மரப்பட்டையில் இருக்கும் ஒரு புடைப்பு என்றே தோன்றும். ஆனால் அது ஓயாமல் சாற்றை உறிஞ்சி, இனிப்பான கழிவை ஒழுகவிடும். அதன்மேல் கரும்பூஞ்சை படரும். மரத்தடியில் நிறுத்திய வண்டியின் கண்ணாடியில் பிசுபிசுப்பாகத் தெரிவதும் அதுவே. தார்ச்சாலையின் வெப்பம் இந்தப் பூச்சிக்குச் சாதகமாக இருக்கிறது. அதைத் தாக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளால் அந்தப் பெருக்கத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. மரம் மெலிகிறது, நிழல் குறைகிறது, நிழல் குறைந்ததால் சாலை இன்னும் சூடாகிறது.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கின் மன்ஹாட்டனில் சாலை நடுவே இருக்கும் குறுகிய மண்திட்டுகளிலும் பெரிய பூங்காக்களிலும் உணவுத் துண்டுகளை வைத்துப் பார்த்து 2015-இல் ஓர் ஆய்வு வெளியானது. பூங்காவில்தான் பூச்சியினங்கள் அதிகம். ஆனால் மண்திட்டில்தான் இரண்டு மூன்று மடங்கு உணவு அகற்றப்பட்டது. காரணம், நடைபாதை விரிசல்களில் வாழும் ஓர் எறும்பினம். எலிகளுக்குப் போக வேண்டிய கழிவில் ஒரு பங்கை அவை முந்திக்கொண்டு எடுத்துவிடுகின்றன. எனவே, எல்லாப் பணியும் இனவளத்தோடு சேர்ந்தே சரிந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. துப்புரவுப் பணியை ஒரே ஓர் இனம்கூடத் தாங்கிப் பிடிக்கலாம்; மகரந்தச் சேர்க்கையையோ, பத்துப் பதினைந்து வகைப் பூச்சிகளை அடக்கும் வேலையையோ ஓர் இனத்தால் தாங்க முடியாது.

இரவைப் பற்றி ஒரு வரியில் முடித்துவிட முடியாது. சுவிட்சர்லாந்தில் அதுவரை விளக்கே இல்லாத புல்வெளிகளில் தெருவிளக்கு நட்டுப் பார்த்தபோது, பூக்களுக்கு இரவில் வரும் பூச்சிகளின் வருகை 62 விழுக்காடு குறைந்தது. ஆராய்ச்சியாளர்கள் கவனித்த ஒரு முட்செடியில் பகல் பூச்சிகள் வழக்கம்போல் வந்தபோதும் காய்ப்பு 13 விழுக்காடு சரிந்தது. பகல் இரவை ஈடுசெய்யவில்லை. இங்கிலாந்தில் விளக்குள்ள சாலையோர வேலிப்புதர்களில் அந்துப்பூச்சியின் புழுக்கள் விளக்கில்லாத இடங்களைவிட 47 விழுக்காடு குறைவாக இருந்தன. அந்தப் புழுக்கள்தான் குஞ்சு பொரித்த பறவைகளின் உணவு. வட அமெரிக்கச் சிறு பறவையான சிக்கடி ஒரே ஈட்டுக் குஞ்சுகளை வளர்த்து எடுக்க 6,000 முதல் 9,000 புழுக்கள் வரை கொண்டுவந்து ஊட்ட வேண்டியிருக்கிறது. பறவை வரவில்லை என்று வருந்துகிறவர்கள் தண்ணீர்க் கிண்ணம் வைக்கிறார்கள்; புழு இல்லாத மரத்துக்குப் பறவை எதற்காக வரும்?


நொச்சி எழுதியது:

வணக்கம். கொசுக் கட்டுப்பாட்டுப் பணியில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில், புகை அடிப்பது பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். மருதம் அவர்கள் எழுதியதோடு இது நேரடியாகத் தொடர்புடையது.

முதலில், கொசுவைச் சிறிய தொல்லையாக எண்ணும் மனநிலை நமக்கு வரக்கூடாது. டெங்கு பரவும் நேரத்தில் நோயாளி இருக்கும் வீட்டைச் சுற்றிப் புகை அடிப்பதற்குக் காரணம் உண்டு. நோய்க்கிருமி ஏறிய முதிர்ந்த கொசுக்களை அப்போதே குறைத்தாக வேண்டும். ஆனால் நோய் இருக்கிறதோ இல்லையோ, வாரம் ஒருமுறை பூங்காவைப் புகைமூட்டமாக்குவது வேறு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு பெரும்பாலும் வீட்டுக்குள், கட்டிலுக்கு அடியிலும் தொங்கும் துணிகளுக்குப் பின்னாலும் ஓய்வெடுக்கிறது. தெருவில் அடிக்கும் புகை அங்கே போதிய அளவு சேர்வதில்லை. தண்ணீரில் இருக்கும் கொசுப்புழுவையும் அது கொல்வதில்லை. புகை கலைந்த சில நாட்களில் அந்தப் புழுக்கள் கொசுவாகி வெளியே வந்துவிடும். பூங்காவின் இலைகளில் வெளிப்படையாக உட்கார்ந்திருக்கும் பொறிவண்டும் ஒட்டுண்ணிக் குளவியும் தேனீயும்தான் மருந்துக்கு முழுமையாக அகப்படுகின்றன. 2016-இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் கொசுவால் பரவும் ஜிகா நோய் பற்றிய அச்சத்தால் விமானத்திலிருந்து காலை வேளையில் கொசுமருந்து தெளித்தபோது, மேய்ச்சலுக்கு வெளியே வந்திருந்த லட்சக்கணக்கான தேனீக்கள் ஒரே நாளில் மடிந்தன. தேனீ வளர்ப்பவர்களின் பெட்டிகள் என்பதால் அந்த இழப்பு வெளியே தெரிந்தது. பெட்டியில் வாழாத பூச்சிகளின் இழப்பை எண்ணிப் பார்க்க எவரும் இல்லை.

நகரம் கொசுவுக்கு எப்படி வழிவிடுகிறது என்பதை நான் வேலையில் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். மழைநீர் தேங்கிய பழைய டயர் ஒன்றை மெல்லச் சாய்த்துப் பார்த்தால், மேற்பரப்பில் தலைகீழாகத் தொங்கி மூச்சுவாங்கும் புழுக்கள் நிழல் பட்டதும் நெளிந்து நெளிந்து அடியில் இறங்கும். நூற்றுக்கணக்கில் இருக்கும். அவற்றைத் தின்ன அந்த நீரில் ஓர் உயிர்கூட இருக்காது. வெப்பமான காலத்தில் முட்டை பொரித்ததிலிருந்து ஏழெட்டு நாட்கள் முதல் பத்து நாட்களுக்குள் அவை கொசுவாகிவிடுகின்றன. தட்டானின் இளம்பருவமோ நீரில் பல வாரங்கள், சில இனங்களில் பல மாதங்கள்கூட இருந்தாக வேண்டும். அதன் கீழுதடு மடித்து வைத்த கரம் போன்றது. கொசுப்புழு எட்டும் தொலைவில் வந்ததும் அதை நீட்டிப் பற்றி இழுத்துக்கொள்ளும். ஆனால் பத்து நாளில் வற்றும் கிண்ணத்தில் அது வளர முடியாது. ஏடிஸ் கொசுவின் முட்டையோ நீர் வற்றிய பின்னும் பல மாதங்கள் காய்ந்த நிலையில் பிழைத்திருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். குளத்தையும் ஓடையையும் மூடிவிட்டு, டப்பாவையும் டயரையும் மூடாத தொட்டியையும் பெருக்கினோம். இதனால் கொசுவுக்கு நீர்நிலைகள் கூடின, அதைத் தின்பவற்றுக்குக் குறைந்தன.

பிழைத்து வரும் தட்டானுக்கும் நகரம் ஒரு பொறி வைத்திருக்கிறது. நீர்வாழ் பூச்சிகள் பலவும் நீரின் மேற்பரப்பிலிருந்து தெறிக்கும் ஒளியின் முனைவாக்கத்தை, அதாவது ஒளி அலைகள் ஒரே தளத்தில் அதிர்வதைக் கொண்டு நீரை அடையாளம் காண்கின்றன. கறுப்புத் தார்ச்சாலையும் பளபளக்கும் வண்டிக்கூரையும் மெருகேற்றிய கறுங்கல்லும் ஒளியை அதேபோல் தெறிக்கச் செய்வதால், நீர் என்று நம்பி அவற்றின் மேல் முட்டையிட வரும் பூச்சிகளைப் பற்றிய பதிவுகள் ஐரோப்பாவில் நிறைய உண்டு. முட்டைகள் வெயிலில் கருகிவிடும்.

எனவே உங்கள் குழுவுக்கு நான் சொல்லக்கூடியது, வாரப் புகைக்கு ஒதுக்கும் பணத்தையும் ஆட்களையும் வாரம் ஒருமுறை தேங்கிய நீரைக் கவிழ்ப்பதற்கு மாற்றுங்கள் என்பதே. பூங்காவில் ஏற்கெனவே குளம் இருந்தால் அதன் கரையைச் சிமென்ட் பூசி மூடாமல், நீர்ச்செடிகளோடு விடுங்கள். ஆனால் குளம் இருப்பதால் டெங்கு குறைந்துவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். டெங்குக் கொசு குளத்தைத் தேடிப் போவதில்லை, வீட்டுக் கொள்கலன்களைத்தான் தேடுகிறது. அதைக் கவிழ்க்க மனிதக் கைதான் வேண்டும்.


தும்பி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. வாரப் புகைக்குப் பதிலாக, தேங்கிய நீரைத் தேடிக் கவிழ்க்கும் வாரச் சோதனை என்ற யோசனையைக் குழுவில் வைக்கிறேன். அதற்கு ஒப்புதல் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

எஞ்சியிருப்பது இரண்டு சிக்கல்கள். தேன்கூட்டுப் பெட்டி வேண்டும் என்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள்; அவர்களிடம் மறுப்பதாக இருந்தால் வலுவான காரணம் சொல்ல வேண்டும். மற்றொன்று, புல்லை உயர விடுவதையும் சருகைக் கூட்டாமல் விடுவதையும் பலர் பராமரிப்புக் குறைபாடாகவே பார்க்கிறார்கள், பாம்பு வரும் என்று அஞ்சுகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்களை எப்படி அணுகுவது?


ஆவாரம் எழுதியது:

தும்பி அவர்களுக்கு. பொதுப் பூங்காக்களின் செடிகொடிப் பராமரிப்பு என் தொழில் என்பதால் இந்த இரண்டுக்கும் நான் பதில் எழுத முயல்கிறேன்.

பெட்டித் தேனீ என்பது கறவை மாட்டைப் போல நாம் வளர்க்கும் உயிர். அதன் எண்ணிக்கையைக் கூட்டுவதால் காட்டுத் தேனீக்கள் காப்பாற்றப்படுவதில்லை. ஒரு பெட்டியில் பல்லாயிரம் தேனீக்கள் இருக்கும். அவை எல்லாமும் அதே பூக்களுக்குத்தான் போக வேண்டும். பாரிஸ் நகரத்தில் செய்த ஆய்வில், சுற்றுப்புறத்தில் பெட்டிகள் கூடக்கூட, காட்டு மகரந்தச் சேர்க்கையாளர்களின் வருகை குறைந்திருந்தது. பெட்டி வேண்டும் என்பவர்களிடம், முதலில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று பூத்திருக்கும்படி செடிகளை நடுவோம், பெட்டியைப் பற்றி அதன்பிறகு பேசுவோம் என்று சொல்லுங்கள். அவர்களுடைய ஆர்வத்தை வீணாக்காமல் திருப்பிவிட அது உதவும். தேனீக்கள் கூடமைக்கத் துளையிட்ட மரத்துண்டுகளும் குழல்களும் அடுக்கி விற்பனைக்கு வரும் பூச்சி விடுதிகளிலும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. டொராண்டோவில் அவற்றை நூற்றுக்கணக்கில் வைத்துப் பார்த்தபோது, வெளியிலிருந்து வந்து பரவிய தேனீ இனங்களும் குளவிகளும் நிறையவே குடியேறின. மண்ணில் கூடமைக்கும் பெரும்பான்மைத் தேனீக்களுக்கு அதனால் பயனே இல்லை. வெயில் படும் சரிவில் நான்கைந்து அடி வெற்று மண்ணைக் கொத்தாமல், மூடாக்குப் போடாமல் விட்டுவைப்பது செலவே இல்லாத வேலை. அதற்கு ஒரு பெயர்ப்பலகை வைத்துவிட்டால் யாரும் அதை அலங்கோலம் என்று எண்ண மாட்டார்கள்.

செடி வாங்கும்போது, பூச்சிமருந்து இட்டு வளர்த்ததா என்று கேளுங்கள். நாற்றங்காலில் வேர் வழியாக ஊடுருவும் பூச்சிமருந்து இட்டிருந்தால், அது பின்னாளில் பூவின் தேனிலும் மகரந்தத்திலும் வந்து சேரும். தேனீக்களுக்கென்றே வாங்கி நட்ட செடி அவற்றுக்கு நஞ்சூட்டும் நிலை அப்படித்தான் ஏற்படுகிறது. பிரான்சில் 2017 முதல் பொதுப் பூங்காக்களில் செயற்கைப் பூச்சிமருந்துகளைப் பயன்படுத்துவதற்குத் தடை இருக்கிறது, 2019 முதல் வீட்டுத் தோட்டங்களுக்கும் அது நீண்டது. அங்கே பூங்காக்கள் அழிந்துவிடவில்லை என்பதை உங்கள் குழுவில் எடுத்துச் சொல்லலாம்.

புல்லைப் பொறுத்தவரை, எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் வீட்டுப் புல்தரைகளை வாரம் ஒருமுறை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று வெட்டிப் பார்த்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டிய இடத்தில்தான் தேனீக்களின் எண்ணிக்கை மிகுதி. முற்றிலும் காடாக விடாமலேயே, வெட்டும் இடைவெளியை இரட்டிப்பாக்கினாலே போதும் என்றால் மறுப்பதற்குப் பலருக்கும் காரணம் இருக்காது. நடைபாதையின் இருபுறமும் ஒரு பட்டையைச் சீராக வெட்டிவிட்டு உட்புறத்தை மட்டும் உயர விடுங்கள். ஓரம் ஒழுங்காக இருந்தால் உள்ளே இருப்பது திட்டமிட்டுச் செய்யப்பட்டது என்பது பார்ப்பவர்களுக்கே புரியும். நடப்பவர்களின் காலடியும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் என்பதால் பாம்பு பற்றிய அச்சமும் தணியும். விளையாடும் இடத்திலும் வீட்டுச் சுவரை ஒட்டியும் புல்லைக் கட்டையாகவே வைத்திருங்கள். அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமும் இல்லை, பயனும் இல்லை. சருகையும் அப்படியே பாதையிலிருந்து கூட்டி மரத்தடியிலேயே சேருங்கள், எரிக்க வேண்டாம். பல அந்துப்பூச்சிகளின் கூட்டுப்புழுக்கள் சருகுக்குள்ளும் அதன் அடி மண்ணிலும்தான் கிடக்கின்றன. சருகைக் குப்பை வண்டியில் ஏற்றும்போது அடுத்த பருவத்தின் பூச்சிகளையும் சேர்த்தே ஏற்றி அனுப்புகிறோம்.

விளக்குகளை நிறுத்தச் சொன்னால் பெண்களின் பாதுகாப்பு என்ற கேள்வி வரும், அது வரவேண்டிய கேள்விதான். எனவே நிறுத்துவதைப் பற்றிப் பேசாமல், ஒளி பாதையில் மட்டும் விழும்படி மூடி போடுவதையும் மரத்தை நோக்கிப் பாய்ச்சும் அலங்கார விளக்குகளை எடுத்துவிடுவதையும் முதலில் கேளுங்கள். மருதம் குறிப்பிட்ட இங்கிலாந்து ஆய்வில் பழைய மஞ்சள் சோடியம் விளக்கைவிட வெள்ளை எல்இடி விளக்குதான் புழுக்களை அதிகம் குறைத்தது. ஆகவே புதிதாக மாற்றும்போது மஞ்சள் நிறம் கூடிய எல்இடியைக் கேட்டு வாங்கலாம்.

மருதம் அவர்களோடு ஓரிடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. மண்திட்டு எறும்புகளின் துப்புரவுப் பணியை நகரத்தின் வரவுக் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. என் பணியில் மாவுப்பூச்சியும் அசுவினியும் கட்டுக்கடங்காமல் போன செடிகளின் தண்டில் எறும்பு வரிசை ஏறி இறங்கிக்கொண்டிருப்பதையே பெரும்பாலும் காண்கிறேன். அவை கசியும் இனிப்புக்காக எறும்புகள் அவற்றைக் காவல் காக்கின்றன. தின்ன வரும் பொறிவண்டின் இளம்புழுவைக் கடித்துத் தள்ளிவிடுகின்றன. தரையில் ஒரு பணியைச் செய்யும் அதே இனம், மரத்தின்மேல் இன்னொரு பணியைக் கெடுக்கிறது.

காற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பெங்களூருவில் மலைத்தேனீக்களைக் கொண்டு செய்து 2020-இல் வெளியான ஆய்வில், காற்று மிகவும் மாசுபட்ட இடங்களில் பிடித்த தேனீக்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஒரு நாளுக்குள் இறந்துபோயின. புகையும் ஓசோனும் பூவின் மணத்தையே சிதைத்துவிடுவதால், மணத்தைத் தொடர்ந்து வரும் பூச்சி பூவைக் கண்டுபிடிக்க முடியாமல் போவதும் உண்டு. நெரிசல் மிகுந்த சாலையின் விளிம்பில் பூச்செடி நடுவதைவிட, அதே செலவில் உள்தெருவில் நடுவது பூச்சிகளுக்கு நல்லது என்று நான் கருதுகிறேன்.


மருதம் எழுதியது:

ஆவாரம் சொன்னதை ஏற்கிறேன். எறும்பைப் பற்றிய அந்தக் கூற்று, ஒரு பணியைத் தனியே பிரித்து மதிப்பிடுவதில் உள்ள குறையைக் காட்டுகிறது.

தும்பி, ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூச்சிகளை எண்ணுவதற்கு வல்லுநர் வேண்டும். ஆனால் அவை செய்யும் பணியை அளக்க யாராலும் முடியும். ஒரே வகைக் கத்தரிச் செடிகளைத் தொட்டிகளில் வளர்த்துப் பூங்காவின் வெவ்வேறு மூலைகளில் வையுங்கள். ஒவ்வொரு செடியிலும் சில மொட்டுகளை மெல்லிய வலைத்துணிப் பையால் மூடி, சிலவற்றைத் திறந்து விடுங்கள். மூடியவற்றில் பிடித்த காய்களுக்கும் திறந்தவற்றில் பிடித்த காய்களுக்கும் உள்ள வேறுபாடுதான் அந்த மூலையில் நடந்த மகரந்தச் சேர்க்கை. கேடு செய்யும் பூச்சிகளை அடக்கும் பணிக்கு, பச்சை நிறக் களிமண் பசையால் புழு உருவங்கள் செய்து இலைகளில் ஒட்டிவைப்பது ஆய்வாளர்களிடம் பரவலாக உள்ள முறை. குளவியும் எறும்பும் வண்டும் கடித்த தடம் நுண்ணிய கீறலாகவும், பறவை கொத்திய தடம் ஆப்பு வடிவத்திலும் பதிந்திருக்கும். மட்கும் வேகத்துக்கு, எடை பார்த்த சருகை இரண்டு வகை வலைப் பைகளில் மரத்தடியில் இடுங்கள். பெரிய கண் உள்ள பையில் பூச்சிகளும் மண்புழுக்களும் புக முடியும், நுண்ணிய கண் உள்ளதில் நுண்ணுயிர்கள் மட்டுமே புகும். சில மாதங்கள் கழித்து உலர்த்தி எடை போட்டால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியும். இவற்றைப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு செய்யலாம். பூச்சி என்றால் கொசு என்று எண்ணுகிற பெற்றோரும் உடன் வருவார்கள்.

இதைப் புல் வெட்டும் முறையையும் விளக்கையும் மாற்றுவதற்கு முந்தைய பருவத்திலேயே ஒருமுறை செய்துவிடுங்கள். மாற்றம் எதுவும் செய்யாத ஒரு பகுதியையும் ஒப்பீட்டுக்காக அப்படியே வைத்திருங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு காய்ப்பு கூடினாலும், அது உங்கள் மாற்றத்தாலா, நல்ல மழையாலா என்று குழுவில் கேட்பவர்களுக்கு விடை சொல்ல முடியாது.